மெர்சி பெண்டில் ஏழு கல்

கேட்டி என்கிற ஊரிலிருந்து மேற்கே ஒன்றரை மணி நேரம் காரில் போக வேண்டும். முதலில் கடைகள் தீர்ந்துபோகும். பிறகு வீடுகள் தீர்ந்துபோகும். பிறகு மரங்களும் தீர்ந்து வானம் மட்டும் மிச்சமிருக்கிற இடத்தில் ‘கார்வெல் கவுண்டி’ என்று ஜில்லாப் பேர் எழுதின ஒரு பச்சைப் பலகை நிற்கும். அதற்குப் பிறகும் இருபது நிமிஷம் போனால்தான் எங்கள் வீடு.

என் மருமகன் ஃபிரெடி இந்தப் பத்தொன்பது ஏக்கரை வாங்கினபோது நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

“வில்லங்கம் பாத்தியளா மாப்ள?”

“டைட்டில் கம்பெனி எல்லாம் கிளியர் பண்ணிட்டாங்க மாமா.”

கம்பெனி சொன்னால் நம்பிவிடுகிற ஆள் அவர். நான் எட்டையபுரம் பக்கம் சர்வே ஆபீசில் முப்பத்தொரு வருஷம் சங்கிலி பிடித்தவன். சர்வேயர் அந்தக் கடைசியில் நின்று கையை ஆட்டுவார், நான் இந்தக் கடைசியில் முளை அடிப்பேன். நாலாம் வகுப்போடு நின்றவனுக்குக் கிடைத்த வேலை அது. ஆனால் கல் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் ஓரிடத்தில் நின்ற கல் காலையில் நாலடி தள்ளி நிற்கும். கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எல்லாரும் யோக்கியர்கள்.

இங்கே வந்த பிறகு விடியற்காலையில் எழுந்து வேலியோரமாக நடந்துவருவேன். மண் நம்முடைய கரிசல் மாதிரியே இருக்கும். மழை பெய்தால் செருப்பை விடாது. ஓடைப் பக்கமிருந்து மூடுபனி எழும்பி வேலிக் கம்பத்தை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வரும். அதற்குள் நின்றால் எந்த நாடு, எந்த வருஷம் என்று தெரியாது. வெள்ளைக் கொக்குகள் தலைக்கு மேலே போகும், சத்தமே இருக்காது. ஒருநாள் நான் இறந்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். பிறகு முழங்கால் வலித்தது. இல்லை என்று தெரிந்தது.

இந்த இடத்தின் கதையை ஃபிரெடி எங்கிருந்தோ வாசித்துச் சொல்வார். முதலில் ஸ்பெயின்காரன் ‘வாரா’ என்று ஒரு கோலை வைத்து இதை அளந்தானாம். பழைய பத்திரத்தில் இன்னும் அந்தக் கணக்குதான்: ஓடை வளைவில் நிற்கும் ஓக் மரத்திலிருந்து வடக்கே அறுநூறு வாரா. அந்த மரம் விழுந்து நூறு வருஷமாகிறது. விழுந்த மரத்திலிருந்து அளக்கிறார்கள்! பிறகு பருத்தி. பருத்திக்கு அடிமைகள். விடுதலை வந்ததும் அவர்களில் சிலர் யாருக்கும் வேண்டாத வெள்ளக்காட்டை, இந்த ஓடை வளைவை, வாங்கிக் குடியேறி மெர்சி பெண்ட் என்று பேர் வைத்தார்கள். பிறகு நெல். ரயில் வேறு ஊர் வழியாகப் போய்விட்டதால் கோர்ட்டும் அந்த ஊருக்குப் போய்விட்டது. மெர்சி பெண்டை வெள்ளம் கொண்டுபோனது. இப்போது கவுண்டிக்கு மணிக்கூண்டு வைத்த ஒரு கோர்ட்டு, இருபத்தைந்து படுக்கை உள்ள ஓர் ஆஸ்பத்திரி. என் மகள் பிரீத்தா அங்கேதான் நர்ஸ். ரோட்டில் எதிரே வருகிற ஒவ்வொருவனும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவான். முன்பின் தெரியாதவனுக்கு எதற்கு விரல்? நான் தூக்கியதில்லை.

மே மாசம் முதல் சனிக்கிழமை ஃபிரெடியும் பிரீத்தாவும் பேத்தி ஆஷ்லியைக் கூட்டிக்கொண்டு கேட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அன்று காலை நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை, ஒரே வெள்ளை. அந்த வெள்ளைக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். முதலில் குரல், பிறகு தொப்பி, பிறகு ஆள். இருபது இருபத்தைந்து பேர், எல்லாரும் கறுப்பினத்தார். பெண்கள் சர்ச்சுக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தார்கள். கையில் மண்வாரி, மடக்கு நாற்காலி, மூடிய தட்டுகள். எங்கள் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார்கள். பின்னால் வருகிறவருக்காகப் பிடித்துக்கொண்டார்கள். கடைசி ஆள் பதனமாகச் சாத்தினார்.

அதைத்தான் நான் குறித்துக்கொண்டேன். திருட வருகிறவன் கேட்டைச் சாத்திவிட்டு வர மாட்டான். தனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறவன்தான் சாத்துவான்.

அவர்கள் ஓடையோரத்து செடார் மரங்களுக்குள் போனார்கள். கொஞ்ச நேரத்தில் பாட்டு வந்தது. ஈரத் துணியைக் கொடியில் விரித்தது மாதிரி அது பனிக்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒருவர் வந்து எங்கள் கதவைத் தட்டினார். நான் திறக்கவில்லை. எப்போது தூங்கினேன் என்று தெரியாது. விழித்தபோது வெயில் அடித்துக்கொண்டிருந்தது, ஒருவரும் இல்லை. கனவு என்று சொல்லிவிடலாம். ஆனால் படிக்கட்டில் ஒரு தட்டு, அதில் கேக் இருந்தது.

அடுத்தவன் நிலத்துக்குள் போகிறவன் வீட்டுக்காரனுக்குப் பலகாரம் கொடுத்துவிட்டுப் போவதை நான் பத்து ஊரில் பார்த்திருக்கிறேன். தொடவில்லை. சாயங்காலம் ஆஷ்லி வந்து பாதியைத் தின்றுவிட்டாள்.

மறுநாள் முதல் தடவையாகச் செடார் தோப்புக்குள் போய்ப் பார்த்தேன். நடுவே புல் பூண்டு இல்லாமல் தரையைக் கூட்டி வைத்திருந்தார்கள், களத்துமேடு மாதிரி. உடைந்த பீங்கான், கிளிஞ்சல் எல்லாம் சிதறிக் கிடந்தன. ஏழு கல் நட்டிருந்தது. கொத்தாத கல், முழங்கால் உயரம். எழுத்து இல்லை, சிலுவை இல்லை. எங்கள் ஊரில் கல்லறை என்றால் பேர் இருக்கும், வசனம் இருக்கும், சுண்ணாம்பு அடித்திருக்கும். இதைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அளவுக்கல். நட்டுவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் விட்டால் பாதை, அப்புறம் பந்தல், அப்புறம் பட்டா.

மருமகனிடம் சொன்னால் கம்பெனி என்பார். நான் சொல்லவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பனிக்குள் போனேன். ஒவ்வொரு கல்லும் முழங்கை ஆழம் இருந்தது. நெம்பினபோது மண் பெருமூச்சு விட்டது. ஏழையும் தள்ளுவண்டியில் கொண்டுவந்து ஷெட்டுக்குப் பின்னால் அடுக்கினேன். பீங்கானையும் கிளிஞ்சலையும் கூட்டி ஒரு சாக்கில் கட்டினேன். கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டு வைத்தேன். மற்றவர்கள் காரில் போக வர பின்பக்கத்து வழிதான், அதனால் யாரும் கவனிக்கவில்லை. அன்று மத்தியானம் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வியாழக்கிழமை நாலு மணிக்குப் பிரீத்தா ஆஸ்பத்திரி உடுப்போடு வந்து நின்றாள்.

“அப்பா, முன் கேட்ல செயின் யாரு போட்டது?”

“நாந்தான்.”

“எதுக்குப்பா?”

“ஏட்டி, ஊரே உள்ள வந்து பாட்டுப் படிச்சிட்டுப் போவுது, நீ எதுக்குன்னு கேக்க. விட்டா நாளைக்குப் பாதைன்னு எழுதிருவான்.”

“ஐயோ அப்பா, அது சிமெட்ரி. அவங்க தாத்தா பாட்டியெல்லாம் அங்கதான் இருக்காங்க. வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாரும் வந்து க்ளீன் பண்ணி, சேர்ந்து சாப்பிட்டுட்டுப் போவாங்க. நம்ம பத்திரத்துலயே அந்த இடத்த விட்டுத்தான் எழுதியிருக்கு. நாம தடுக்கக் கூடாதுன்னு லாவே இருக்கு.”

“எங்கிட்ட யாரு சொன்னா?”

“நீங்க இதுவரைக்கும் யாரு சொல்லி எத நம்பியிருக்கீங்க?”

அவள் சொல்லிக்கொண்டே போனாள். லூவெல்லா என்று எண்பத்தாறு வயது அம்மாள் ஒருத்தி, இவள் வார்டில் மூன்று வாரம் கிடந்தவள். மெர்சி பெண்டில் பிறந்தவர்களில் கடைசி ஆள். இருதயம் இனி அதிக நாள் ஓடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தன் அம்மாவுக்கு இடப் பக்கத்தில் தன்னைப் புதைக்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு ஒரே ஆசை. போன சனிக்கிழமை வர முடியவில்லை. இன்றைக்கு டிஸ்சார்ஜ் ஆகி நேரே இங்கே வந்திருக்கிறாள், இடத்தைத் தன் தம்பி மகனுக்குக் காட்ட. பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாளாம்.

“அங்க ஒரு கல்லுலயும் பேரு கிடையாதுப்பா. யாரு எந்தக் கல்லுன்னு அவங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்.”

“கல்லா?” என்றேன். கண் ஷெட் பக்கம் போனது.

“என்னப்பா?”

ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். பார்த்ததும் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆஷ்லி பின்னாலேயே வந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், வாயில் வராது.

“தாத்தா, யூ டுக் தெம்? ஃப்ரம் டெட் பீப்பிள்?”

கல்லில் ஒட்டியிருந்த மண்ணைக் கையால் வழித்தேன்.

விஷயம் தெரிந்ததும் ஃபிரெடி தலையில் கை வைத்துக்கொண்டார். “மாமா, ஷெரிஃப் வந்தா நான் என்ன சொல்றது?”

“எங்க மாமாதான் புடுங்குனாருன்னு சொல்லுங்க.”

“அது சொல்லிடலாம். ஏன்னு கேப்பாங்கல்ல?”

ஷெரிஃப் வரவில்லை. சனிக்கிழமை காலை லூவெல்லாதான் வந்தாள். பிரீத்தா முந்தின நாளே அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். தம்பி மகன் டுவைட் அவளைக் கைத்தாங்கலாக இறக்கினார். கதவளவு அகலமான ஆள், என் பக்கம் முகத்தைத் திருப்பவே இல்லை. தோப்பு நடுவே நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார்கள். ஊதாத் தொப்பி, அதற்குக் கீழே காய்ந்த நார்த்தங்காய் மாதிரி ஒரு முகம். கண் சரியாகத் தெரியாது. என்னை நோக்கிக் கையை நீட்டினாள். கொடுத்தேன். என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள்.

“வேல செஞ்ச கை, ஆனா மூளைதான் வேல செய்யலன்னு சொல்றாங்க” என்றாள் பிரீத்தா.

“சரியாத்தான் சொல்லுதாவ.”

மழையில் மண் உப்பிப் பள்ளமெல்லாம் மூடிக் கிடந்தது. நான் கடப்பாரையைக் குத்திக் குத்திப் பார்த்தேன். கல் இருந்த இடத்தில் மட்டும் பொதுக்கென்று இறங்கியது. ஆறு குழி அப்படிக் கிடைத்தது, ஏழாவது அகப்படவில்லை. ஒவ்வொரு கல்லையும் லூவெல்லா மடியில் வைக்கச் சொல்லித் தடவிப் பார்த்து, இது பிரின்ஸ் என்றாள், கழுதைக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர். இது டோரா, வெள்ளத்தில் அடுப்பைத் தலையில் வைத்துக்கொண்டு நீந்தியவள். பிறகு ஒருத்தி, பேர் மறந்துவிட்டது, சிரிப்பு மட்டும் நினைவிருக்கிறதாம். ஒவ்வொன்றுக்கும் குழியைக் கை காட்டுவாள், நான் நடுவேன். அவள் சொல்லச் சொல்ல தோப்புக்குள் ஆள் சேர்கிற மாதிரி இருந்தது. எனக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். பனிதான்.

ஏழாவது கல் அவள் அம்மாவுடையது. லூவெல்லா அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் இருந்தாள். பிறகு ஒரு செடார் மரத்தடியைக் காட்டினாள். சின்னப் பிள்ளையில் அம்மாவின் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்த மரத்துக் கவை வழியாகச் சர்ச்சுக் கூரை தெரியுமாம். நான் குனிந்து கவை வழியாகப் பார்த்தேன். வானம்தான் இருந்தது. அந்தச் சர்ச்சை வெள்ளம் கொண்டுபோய் எழுபத்தைந்து வருஷமாகிறது. இல்லாத சர்ச்சை வைத்து எப்படி அளப்பது? அவள் காட்டிய இடத்தில் கடப்பாரையைப் போட்டேன். இறங்கவில்லை. தெற்கே நாலடி தள்ளிப் போட்டேன். வெண்ணெயில் போவது மாதிரி போனது.

“அங்க இல்ல. இங்கதான்” என்றேன்.

பிரீத்தா தயங்கிச் சொன்னாள். டுவைட் முதல் தடவையாக என்னைப் பார்த்தார், பிறகு அவளிடம் வேகமாகப் பேசினார்.

“என்ன சொல்லுதான்?”

“புடுங்கின ஆளே இடத்தையும் சொல்லுவாரான்னு கேக்கறாரு.”

நியாயமான கேள்வி. அவர் இடத்தில் நான் இருந்தால் கடப்பாரையையே பிடுங்கியிருப்பேன். ஆயுசு முழுக்க நான் ஒருவரையும் நம்பினதில்லை. மற்றவர்கள் என்னை நம்பித்தான் ஆக வேண்டும் என்று ஒரு நாள் நிற்பேன் என்று நினைத்ததே இல்லை.

லூவெல்லா பிரீத்தாவைக் கேட்டாள், உன் அப்பா பொய் சொல்வாரா என்று. பிரீத்தா என்னைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னாள். லூவெல்லா தோள் குலுங்கச் சிரித்தாள்.

“என்ன சொன்ன?”

“எங்க அப்பா யாரையும் நம்ப மாட்டாரு, ஆனா பொய் சொல்லிப் பழக்கம் இல்லன்னு சொன்னேன்.”

லூவெல்லா மடியிலிருந்த கல்லை ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு அவர் சொல்கிற இடத்திலேயே நடட்டும் என்றாள். ஆனால் ஒன்று, என்று விரலை உயர்த்தினாள். இங்கே குழி வெட்டுவது கூலி ஆள் இல்லை, சொந்தக்காரர்களும் அக்கம் பக்கத்தாரும்தான். தன் குழியை நான்தான் வெட்ட வேண்டும். இடம் தப்பென்றால் அவள் அம்மாவின் எலும்பு முதலில் என் மண்வெட்டியில்தான் படும்.

“சரின்னு சொல்லு” என்றேன்.

ஜூனில் ஒரு சொட்டு மழை இல்லை. ஜூலையில் காற்றுகூட இல்லை. வானம் வெளுத்து, தூரத்தில் தண்ணீர் கிடப்பது மாதிரி நிலம் மினுங்கியது. தினமும் தோப்புக்குப் போய்வந்தேன். சாக்கிலிருந்த பீங்கானைத் திரும்ப வைத்தேன், எது எங்கே இருந்ததென்று தெரியாமல் கைக்கு வந்தபடி. லூவெல்லா இன்னும் இருக்கிறாள் என்று பிரீத்தா வாரா வாரம் சொல்வாள். குழி வெட்ட என்னைக் கூப்பிடும் நாளை நான் விரும்பவும் இல்லை, மறக்கவும் இல்லை.

ஒரு விடியற்காலை அந்த ஏழாவது கல்லுக்குக் கீழே மண் அசைந்தது. மண் பிளந்து ஒரு மூக்கு வந்தது, பிறகு ஓடு போர்த்திய முதுகு, பிறகு வால். நம் ஊர் அழுங்கு மாதிரி ஒரு பிராணி, ஆர்மடில்லோ என்கிறார்கள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வீட்டுக்காரன் மாதிரி நிதானமாகப் புல்லுக்குள் போனது.

அன்று என் கடப்பாரை வெண்ணெயில் போவது மாதிரி இறங்கியது இதன் வளைக்குள்!

அதற்குப் பிறகுதான் தரையைப் பார்த்தேன். வறட்சியில் கரிசல் எல்லாப் பக்கமும் கோணல் மாணலாக வெடித்திருந்தது. மரத்தடியில், அவள் காட்டிய இடத்தில், வெடிப்பு நேராக ஓடித் திரும்பி, மறுபடி நேராக ஓடித் திரும்பியது. ஆறடி நீளம், இரண்டடி அகலம். யாரோ சங்கிலி பிடித்துக் கோடு போட்டதைப் போல. ஒரு தரம் வெட்டி மூடின மண் என்றைக்கும் பக்கத்து மண்ணோடு ஒட்டாது. அன்று அங்கே என் கடப்பாரையைத் தடுத்தது மரத்து வேராகத்தான் இருக்கும்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் போய் அந்த வெடிப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். கல்லைத் தூக்கி நாலடி நகர்த்தி வைக்க எனக்குக் கால் மணி நேரம் போதும். ஒருவருக்கும் தெரியாது. அவளுக்குக் கண்ணும் தெரியாது. முப்பத்தொரு வருஷம் அதைச் செய்தவர்களைத்தான் நான் திட்டிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் சாப்பாட்டு மேஜையில் வாயைத் திறந்தேன்.

“ஏட்டி, அந்த அம்மாவ வரச் சொல்லு.”

“எதுக்கு? மறுபடி என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல. அதான் வரச் சொல்லுதேன்.”

வெயிலுக்கு முன்னால் ஏழு மணிக்கே வந்தார்கள். லூவெல்லா மெலிந்துபோயிருந்தாள், தொப்பிதான் பெரிதாகியிருந்தது. அவள் கையைப் பிடித்து அந்த வெடிப்பில் வைத்து விரலால் நாலு பக்கமும் ஓட விட்டேன். நான் சொன்ன இடத்தில் உங்கள் அம்மா இல்லை, ஒரு பிராணிதான் இருந்தது, நீங்கள் சொன்னதுதான் சரி என்று பிரீத்தாவைச் சொல்லச் சொன்னேன். டுவைட் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டே போய்க் கல்லை அவரே தூக்கி வந்தார். இடம் பார்த்து இருவருமாக நட்டோம்.

லூவெல்லா ஏதோ கேட்டாள். பிரீத்தா சொன்னாள்: “சொல்லாம விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே, ஏன் சொன்னாருன்னு கேக்கறாங்க.”

“குழி வெட்டுறது நாந்தானே.”

அதைக் கேட்டுவிட்டு அவள் இன்னொன்று கேட்டாள். அம்மாவுக்கு இடப் பக்கம் தனக்கு இடம் இருக்கிறதா? மரத்துக்கும் வெடிப்புக்கும் நடுவே அடி வைத்து அளந்தேன்.

“இருக்கு. கொஞ்சம் ஒடுங்கிப் படுக்கணும்னு சொல்லு.”

“அப்பா, அதையெல்லாம் எப்படிப்பா…”

“சொல்லு பிள்ள.”

சொன்னாள். டுவைட் வெடித்துச் சிரித்தார். லூவெல்லா சிரித்து, இருமி, மறுபடி சிரித்தாள். பிறகு டுவைட்டின் கையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தாள். என்ன செய்கிறாள் என்று எங்களுக்கு விளங்குவதற்குள் மண்ணில் மண்டியிட்டு, சாய்ந்து, காலைக் கிழக்கே நீட்டி அம்மா பக்கத்தில் படுத்துவிட்டாள். இடம் போதுமா என்று பார்க்கிறாளாம். தொப்பியை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். ஒரு கை வெடிப்பைத் தாண்டிக் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் தொப்பிக்குள்ளிருந்து மெல்லிய குறட்டை வந்தது.

பிரீத்தா குனிந்து நாடி பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்று கை காட்டினாள். எழுப்பலாமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கொக்குகள் நெல் வயல் பக்கம் போயின. டுவைட் வண்டியிலிருந்து ஒரு குடையை எடுத்து வந்து அவளுக்கு மேலே பிடித்தார். வெயில் மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தபோது கை மாற்றிப் பிடித்தார். பிறகு குடையை என் பக்கம் நீட்டினார். வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.